காற்று மட்டும் வந்த பெட்டி

பேச்சியம்மாள் போனில் ஆர்டர் போட்ட ஸ்டாண்டு ஃபேன் வந்து சேர்ந்த அன்றைக்குப் பெட்டிக்குள் ஃபேன் இல்லை, காற்று மட்டும் இருந்தது.

அக்கினி வெயில் அப்போதுதான் பிடித்திருந்தது. சங்கரன்கோவிலுக்குத் தெற்கே, பொழுது விடிந்தால் விசைத்தறிச் சத்தம் தவிர வேறெதுவும் காதில் விழாத ஒரு தெரு. முன்பக்கம் பலவேசம் அண்ணாச்சியின் பலசரக்குக் கடை, கடைக்கு மேலே அவருடைய மாடி வீடு, கடையை ஒட்டிய சந்துக்குள் நுழைந்தால் அவர் வாடகைக்கு விட்டிருக்கும் ஒற்றை அறை வீடுகள், இந்த வீட்டுத் தாளிப்புக்கு எதிர்வீட்டில் தும்முகிற நெருக்கத்தில். ஊருக்குள் அதைப் பலவேசம் வளவு என்பார்கள். அந்த வளவின் கடைசி வீட்டில்தான் பேச்சியம்மாளும் அவள் புருஷன் சுடலைமுத்துவும் இருந்தார்கள். சுடலைமுத்து போன வருஷம் தறிக்கூடத்துக் கூரையில் ஒழுக்கு அடைக்க ஏறி, ஆஸ்பெஸ்டாஸ் உடைந்து கீழே விழுந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. படுத்தே கிடந்து முதுகெல்லாம் புண். "புண்ணு ஈரமா இருக்கக் கூடாதும்மா, காத்து படணும்" என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த வீட்டுக்குள் காற்று நுழைய வழியில்லை. அதே தறிக்கூடத்தில் நூல் சுற்றப் போய்க்கொண்டிருந்த பேச்சியம்மாள், இராட்டைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் வரப்போகிற ஃபேனின் வட்ட முகத்தையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

பெட்டியைக் கடைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தது பலவேசம் அண்ணாச்சிதான். வளவுக்கு வருகிற பார்சல் எல்லாம் அவர் கடையில்தான் இறங்கும், ஏனென்றால் பகலில் வளவில் பாதிப் பேர் தறிக்குப் போயிருப்பார்கள். "ஏட்டி பேச்சி, ஒனக்கு என்னமோ வந்திருக்கு பாரு" என்றார். அவள் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு சந்துக்குள் போனாள். கனமே இல்லை. இப்போதெல்லாம் சாமான்கள் இப்படித்தான் வருகின்றன போலிருக்கிறது என்று நினைத்தாள்.

கட்டிலின் கால்மாட்டில் வைத்து அரிவாள்மணையால் டேப்பைக் கிழித்தாள். உள்ளே தெர்மாகோல் இருந்தது, தெர்மாகோலில் ஃபேனின் தலைக்கென்று குடைந்த வட்டப் பள்ளம் இருந்தது, அந்தப் பள்ளத்தில் ஒன்றும் இல்லை, அந்த ஒன்றுமில்லாததிலிருந்து காற்று புறப்பட்டு வந்து அவள் முகத்தில் அடித்து, நெற்றி மயிரைத் தூக்கி, தோளைத் தாண்டிக் கட்டிலுக்குப் போய்ச் சுடலைமுத்துவின் முதுகில் இறங்கியது. அவர் கண்ணை மூடினார்.

பேச்சியம்மாள் பெட்டியைக் கவிழ்த்து அடியில் தட்டினாள். ஒரு ஸ்க்ரூகூட விழவில்லை.

"ஃபேன் எங்க?" என்றாள்.

"காத்து வருதே" என்றார் சுடலைமுத்து.

"காத்து வருது. ஃபேன் எங்க?"

மறுநாள் பார்சல்காரன் இசக்கிராஜ் வேறு யாருக்கோ எதையோ கொடுக்க வந்தபோது அவள் சந்து முனையில் நின்றாள். இசக்கிராஜ் கல்யாணமாகி ஒரு பெண்குழந்தைக்குத் தகப்பன், பழைய பைக்கின் பின்னால் தன்னைவிடப் பெரிய பையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிறவன்.

"ஏல, காலிப் பெட்டியத் தந்துட்டுப் போயிருக்கியே, மனுசனா நீ?"

"யக்கா, நான் கடையிலதான குடுத்தேன். குடுக்கும்போது நல்ல கனமா இருந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னான். கடைக்குள்ளிருந்து பலவேசம் அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். "என்னல சொல்லுத? கடையில குடுத்தேன்னா என்ன அர்த்தம்? நான் எடுத்துட்டேங்கியா? நீ பொறக்கதுக்கு முன்னால இருந்து இந்தத் தெருவுல கடை வச்சிருக்கேன்ல." அவர் குரலுக்கு வளவே வெளியே வந்தது. எதிர்வீட்டு மாரிக்கனி பைக் சாவியைப் பிடுங்கினாள். யாரோ பையைக் கிழித்துக் கொட்டினார்கள். யாரோ முதுகில் அடித்தார்கள், அடித்தது யாரென்று அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் இன்னொருவர் அடித்தார். அத்தனை பேர் நடுவிலும் இசக்கிராஜ் பேச்சியம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தான், அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பதுபோல.

பேச்சியம்மாளுக்கும் அந்த நேரத்தில், கனமாக இருந்தது என்கிறானே, கடையில் வைத்தேன் என்கிறானே என்று ஒரு எண்ணம் வந்து நின்றது. ஆனால் அந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு போனால் அது யார் வீட்டு மாடிப்படியில் ஏறும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. படுத்துக் கிடக்கிற புருஷனை வைத்துக்கொண்டு வேறு வீடு தேட அவளால் முடியாது. பைக்கில் வந்து பைக்கில் போகிறவன்மேல் பழி போடுவது சுலபம்.

"நீதான் எடுத்த" என்றாள்.

அதையே போனில் புகாராகவும் எழுதிப் போட்டாள். ஆதாரத்துக்கு வீடியோ கேட்டார்கள். காலிப் பெட்டியை நாலு பக்கமும் திருப்பிக் காட்டி எடுத்தாள். பெட்டியைத் திருப்பின பக்கமெல்லாம் காற்று அடித்து, சுவரிலிருந்த தினசரிக் காலண்டர் படபடத்ததும், சுடலைமுத்துவின் தலைமயிர் பறந்ததும் அதில் சேர்ந்தே விழுந்துவிட்டன. பதில் உடனே வந்தது: 'அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் வீடியோவைப் பரிசீலித்தோம். பொருள் நல்ல முறையில் இயங்குகிறது. புகார் முடித்து வைக்கப்பட்டது.'

அவள் விடவில்லை, கூப்பிட்டாள். வெகுநேரம் பாட்டுப் போட்டுவிட்டு ஒரு பெண் வந்தாள்.

"மேடம், காத்து வருதுங்களா?"

"வருது."

"வேகம் கம்மியா இருக்குதுங்களா?"

"இல்ல."

"கரண்ட் இல்லாதப்ப நின்னுடுதுங்களா மேடம்?"

"கரண்டே இல்லாமத்தான் வருது."

"அப்ப என்ன மேடம் பிரச்சினை?"

"ஃபேன் இல்லம்மா! நான் காத்தா கேட்டேன்? ஃபேனுல்லா கேட்டேன்?"

அந்தப் பெண் ரொம்பவும் பொறுமையாக, ஃபேன் வாங்குகிறவர்கள் காற்றுக்காகத்தான் வாங்குகிறார்கள் என்று விளக்கிவிட்டு, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள்.

ஆனால் அதே கம்பெனி இசக்கிராஜுக்கு வேறு விதமாக எழுதியிருந்தது. பொருள் இல்லாத பெட்டியை ஒப்படைத்ததாக அவன்மேல் புகார் வந்திருக்கிறது, ஆகவே அவன் ஐடி நிறுத்தப்படுகிறது, இனி வேலைக்கு வரவேண்டியதில்லை. அவளுக்கு ஃபேன் கிடைத்துவிட்டது, அவன் ஃபேனைத் திருடிவிட்டான், இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே நாளில் சொன்ன பதில். இசக்கிராஜ் வளவு வாசலில் பைக்கை நிறுத்தி, உள்ளே வராமல், தறிச்சத்தத்துக்கு மேலாகக் கேட்கும்படி, "ஒங்க வீட்டுல காத்து அடிக்குதாம்லா, நல்லா இருங்க! எம்பிள்ள வயித்துல அடிச்சிட்டு நீங்க காத்து வாங்கிட்டுக் கெடங்க!" என்று கத்திவிட்டுப் போனான். பேச்சியம்மாள் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவின பாத்திரத்தையே மறுபடியும் கழுவினாள்.

வளவுக்கு இதெல்லாம் ஒரு விஷயமாகவே படவில்லை. காற்றுதான் விஷயம். முதலில் மாரிக்கனி தலைக்குக் குளித்துவிட்டு வந்து கூந்தலை விரித்துக்கொண்டு வாசலில் நின்றாள். பிறகு அவள் தங்கச்சி கைக்குழந்தையோடு வந்து, நிலைப்படியில் தொட்டில் கட்டலாமா என்று கேட்டாள், கேட்டுக்கொண்டே கட்டியும் விட்டாள். தறியில் ஷிப்டு முடித்தவர்கள் சட்டையைக் கழற்றிவிட்டுச் சந்தில் வரிசையாகப் படுத்தார்கள். வத்தல் காயப்போட வந்தவர்கள், எள்ளு புடைக்க வந்தவர்கள், அம்மை இறங்கி மேல் எரிகிறது என்று வந்தவர்கள், சும்மா வந்தவர்கள். மின்வெட்டு வந்து ஊரே வீட்டுக்கு வெளியே நின்று விசிறிக்கொண்டிருந்த மத்தியானங்களில் பலவேசம் வளவில் மட்டும் துணிக்கொடியில் சேலைகள் பாய்மரம்போல் உப்பி நின்றன. காலிப் பெட்டியிலிருந்து எப்படிக் காற்று வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. யார் முன்வரிசை, யார் பின்வரிசை என்றுதான் கேட்டார்கள். "நேத்து நீ ஒக்காந்த இடத்துல இன்னைக்கு நான்" என்று ஆரம்பித்து, குடத்தைப் போட்டு இடம் பிடித்து, குடத்தை எடுத்து எறிந்து, மயிரைப் பிடித்துச் சண்டை போட்டு, சண்டையில் வேர்த்த வேர்வையையும் அந்தக் காற்றிலேயே ஆற்றிக்கொண்டார்கள்.

எல்லாருக்கும் முன்னால் பெஞ்சு போட்டு உட்கார்ந்தவர் பலவேசம் அண்ணாச்சி. மத்தியானம் கடையை அடைத்துவிட்டு, மேல்துண்டை எடுத்துவிட்டு, காற்றுக்கு நெஞ்சைக் காட்டி உட்காருவார். மாடியில் வீட்டை வைத்துக்கொண்டு இவர் ஏன் இங்கே வருகிறார் என்று யாருக்கும் தோன்றவில்லை. வீட்டுக்காரர் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். கொஞ்ச நாளில் அவர், "காத்தோட்டமான வீட்டுக்கு எல்லா ஊர்லயும் வாடகை கூடத்தான், கேட்டியா பேச்சி" என்று சொல்லி வாடகையையும் ஏற்றினார்.

"அண்ணாச்சி, காத்து வீட்டுலருந்தா வருது? நான் வாங்குன பெட்டியில இருந்துல்லா வருது."

"பெட்டி எங்க இருக்கு? என் வீட்டுல இருக்கு. பேசாம ஃபேனு ஃபேனுன்னு பொலம்புறத விடு. கெடச்சத வச்சுக்கிட்டுச் சந்தோசமா இருக்கத் தெரியலையே ஒனக்கு."

வளவும் அதையேதான் சொன்னது. அவள் போனை எடுத்துக் கம்பெனியைக் கூப்பிடுவது தெரிந்தாலே முகங்கள் சுண்டிப்போகும். ஒருநாள் கம்பெனிக்காரர்கள், சரி, அப்படியானால் பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள், பார்க்கிறோம் என்று இறங்கி வந்தார்கள். பெட்டியை வாங்கிப்போக ஒரு ஆளும் வந்தான். மாரிக்கனியும் மற்றப் பெண்களும் விளக்குமாற்றோடு சந்தை அடைத்துக்கொண்டு நின்று அவனைத் தெருமுனைவரை விரட்டிவிட்டு வந்தார்கள். வந்த வேகத்தில் மாரிக்கனி பேச்சியம்மாளிடம், "நீ மட்டும் இந்தப் பெட்டிய வெளிய அனுப்பிப் பாரு மதினி, அப்புறம் இந்த வளவுல ஒரு குடம் தண்ணி பிடிச்சிருவியா?" என்றாள். அன்று சாயங்காலமே குழாயடியில் பேச்சியம்மாளின் குடம் கவிழ்ந்து கிடந்தது.

சுடலைமுத்துவின் முதுகுப் புண் மட்டும் ஆறிக்கொண்டே வந்தது. ஓரங்களில் புதுத்தோல் ரோஸ் நிறத்தில் ஏறியிருந்தது. அதைப் பார்க்கும்போது பேச்சியம்மாளுக்குச் சந்தோஷம் வரும், கூடவே இசக்கிராஜ் வாசலில் நின்று கத்தியது காதில் கேட்கும். அதனால் அவள் அந்தப் புதுத்தோலைச் சந்தோஷமாகப் பார்த்தது ஒருநாளும் கிடையாது. புருஷனிடம் எரிந்து விழுந்தாள். பெட்டியை ஒருமுறை காலால் எத்தினாள். காற்று கொஞ்சம்கூடத் தயங்காமல் வந்துகொண்டே இருந்தது.

ஆனிமாதம் பிறந்தும் வெயில் இறங்காத ஒரு மத்தியானம், இசக்கிராஜ் வளவுக்குள் வந்தான். காற்றுக்குப் படுத்திருந்தவர்கள் தலையைத் தூக்கினார்கள், "திருட்டுப்பய வாரான்" என்றார்கள். அவன் நேராகக் கடைசி வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"இந்த வாசல மிதிக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன்" என்றான். "இப்ப எங்க மச்சான்கூட எலக்ட்ரிக் வேலைக்குப் போயிட்டிருக்கேன். மாடி வீட்டுல ஒரு ஃபேன் ஓடுது, காத்து வரலன்னு, அண்ணாச்சி கடையில இருக்கப்ப அந்த வீட்டம்மா கூப்பிட்டு விட்டாங்க."

"அதுக்கு நான் என்ன செய்ய?" என்றாள் பேச்சியம்மாள்.

"கேளுங்க. புது ஸ்டாண்டு ஃபேன். கழட்டிப் பாத்தோம், ஒரு கோளாறும் இல்ல. முழு ஸ்பீடுல சுத்துது, றெக்கையே கண்ணுக்குத் தெரியல. அதுக்கு நேர சாமி படத்துக்குக் கொளுத்துன பத்தி. பொக அப்படியே கயிறு மாதிரி நேரா மேல போகுது யக்கா. துளி ஆடல."

பேச்சியம்மாளின் கை முந்தானையில் நின்றது.

"எந்தக் கலரு?"

"நீல றெக்கை. வெள்ளக் கூடு."

அவள் பெட்டியின் மேலிருந்த படத்தைப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டிய அவசியமில்லை.

"போலீஸ்ல போயிச் சொல்ல வேண்டியதுதான?"

"நான் சொன்னா எவன் கேப்பான்? திருடன்னு பேரு வாங்குனவன். நீங்கதான வாங்கிக் குடுத்திய?" என்றான் இசக்கிராஜ். குரல் உடைந்தது, உடைந்ததற்காக அவனே எரிச்சல்பட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

அந்த வளவில் சுவருக்குக் காது தேவையில்லை, எல்லாரும் வாசலிலேயே இருந்தார்கள். தொட்டிலில் குழந்தை தூங்க, அதைச் சுற்றி வளவே எழுந்து நின்றது. பலவேசம் அண்ணாச்சிதான் எடுத்திருக்கிறார் என்ற செய்தியை அவர்கள், பால் திரிந்துவிட்டது என்ற செய்தியைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டார்கள். அவர்களுடைய கோபமெல்லாம் பேச்சியம்மாள் பக்கம் திரும்பியது.

"எடுத்தா எடுத்துட்டுப் போறாரு" என்றாள் மாரிக்கனி. "அந்த ஃபேனு அங்க சுத்தப்போயிதான நமக்கு இங்க காத்து வருது? அதக் கொண்டாந்து இதுல சேத்தா என்னாவும்? ஒன் வீட்டுக்குள்ள ஒரு ஃபேனு, அவ்வளவுதான். கரண்ட் போனா அதுவும் நின்னுபோவும். நாங்க எங்க போறது?"

"பிள்ளைக்கு இப்பதான் வேர்க்குரு ஆறியிருக்கு" என்றாள் அவள் தங்கச்சி.

"ஒம் புருசன் புண்ணே இதுலதான ஆறுது? ஒனக்கே இது வேண்டாமா?" என்றாள் இன்னொருத்தி.

"இவன் ஒனக்கு யாரு மதினி?" மாரிக்கனி இசக்கிராஜை முகவாயால் காட்டினாள். "சொந்தமா, சாதியா, தெருவா? இவனுக்காக நம்ம எல்லாரு குடியையும் கெடுப்பியா?"

"யாருமில்ல" என்றாள் பேச்சியம்மாள். "யாருமில்லாதவன்னுதான அன்னைக்கு எல்லாரும் சேந்து அடிச்சோம்? யாருமில்லாதவன்னுதான நானும் சொல்லிட்டேன்? பழி அவன் தலையில, காத்து என் வீட்டுலயா?"

சொல்லிவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். வளவும் அவரைப் பார்த்தது. அந்தக் காற்றில் பாதிக்கு அவர்தான் சொந்தக்காரர், அவர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் பேச்சு முடிந்துவிடும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. குப்புறப் படுத்திருந்த சுடலைமுத்து தலையணையிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

"பெட்டிய எடுத்துட்டு மாடிக்குப் போ பேச்சி" என்றார். "போறதுக்கு முன்னால என்னை ஒருவாட்டி மல்லாத்திப் போடு. நெஞ்சுல கொஞ்சம் படட்டும்."

அவளும் இசக்கிராஜும் சேர்ந்து அவரைத் திருப்பினார்கள். காற்று அவர் நெஞ்சில் இறங்கி, கழுத்துக் குழியில் நின்று, வயிற்றில் பரவியது. அவர் கொஞ்சநேரம் அப்படியே இருந்துவிட்டு, போதும் என்று கையைக் காட்டினார். அவரை மறுபடி குப்புறப் போட்டுவிட்டுப் பேச்சியம்மாள் பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். அவள் சந்தில் நடக்க நடக்கக் காற்றும் கூடவே நடந்தது. கொடியிலிருந்த சேலைகள் ஒவ்வொன்றாக அடங்கின, தொட்டில் நின்றது, குழந்தை விழித்து அழுதது. வழியை மறித்து நின்ற பெண்களின் முகத்தில் கடைசியாக ஒருமுறை அடித்தது காற்று. அவர்கள் கண்ணைச் சுருக்கிய அந்த நொடியில் இசக்கிராஜ் தோளால் இடித்து அவளுக்கு வழி பண்ணினான். யாரோ பின்னாலிருந்து அவள் சேலையைப் பிடித்து இழுத்தார்கள், கிழிந்தது. திரும்பிப் பார்க்காமல் மாடிப்படி ஏறினாள்.

மாடியில் பலவேசம் அண்ணாச்சி அப்போதுதான் சாப்பிட்டு எழுந்து, பெஞ்சுக்குப் போகத் துண்டை எடுத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி சொர்ணம், ஜாக்கெட் முழுக்க வேர்வையில் ஒட்டியிருக்க, நீல றெக்கை ஃபேனுக்கு முன்னால் உட்கார்ந்து பழைய பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தாள். ஃபேன் அவளுக்கு எதிரே கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தது. பத்திப் புகை கயிறுபோல் நின்றது. காற்று பெட்டியோடு அறைக்குள் வந்தது. வந்து, வெகுதூரம் போய்விட்டு வீட்டுக்குத் திரும்புகிற மாட்டைப்போல, ஒரு சுற்றுச் சுற்றி, முகர்ந்து பார்த்து, ஃபேனின் கூட்டுக்குள் நுழைந்துகொண்டது. பெட்டி அவள் இடுப்பில் வெறும் அட்டையாகிப்போனது. புகை கலைந்தது. சொர்ணத்தின் கையிலிருந்த பேப்பர் பறந்து பலவேசம் அண்ணாச்சியின் முகத்தில் ஒட்டியது.

"வருதே!" என்று சொர்ணம் கத்தினாள். "இங்கேருங்க, காத்து வருதே! நீங்க கடையில இருந்து தூக்கிட்டு வந்த நாள்ல இருந்து இன்னைக்குத்தான் காத்து வருது!"

பேப்பரை முகத்திலிருந்து எடுத்த பலவேசம் அண்ணாச்சி மனைவியைப் பார்த்த பார்வையில், அவள் கையை வாயில் வைத்துக்கொண்டாள். சொன்னது சொன்னதுதான். இசக்கிராஜ் போனை நீட்டிப் பிடித்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருந்தான்.

"எந்தக் கடையில இருந்து அண்ணாச்சி?" என்றாள் பேச்சியம்மாள்.

"ஃபேனுல ஒன் பேரு எழுதியிருக்கா?" என்றார் அவர்.

"இவன் முதுகுலயும்தான் திருடன்னு எழுதியில்ல. நீங்கதான எழுதுனிய, நான்தான கூட நின்னு எழுதுனேன்?"

அவள் பிளக்கைப் பிடுங்கினாள். றெக்கை மெதுவாகி நின்றது. ஃபேனைத் தலையோடு காலாக அணைத்துத் தூக்கிக்கொண்டாள், அப்படியே நிற்கும் ஒரு ஆளைத் தூக்குவதுபோல. பலவேசம் அண்ணாச்சி தடுக்கவில்லை. படியில் அவள் பாதி இறங்கியதும் மேலிருந்து சொன்னார்:

"மாசம் முடியுறதுக்குள்ள வீட்டக் காலி பண்ணு."

கீழே வளவு நின்றுகொண்டிருந்தது. மேலே நடந்தது எல்லாம் அவர்களுக்குக் கேட்டிருந்தது. யாரும் மேலே பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. பேச்சியம்மாள் கடந்து போகும்போது மாரிக்கனி அவள் காலடியில் காறித் துப்பினாள்.

"எங்க காத்த முழுங்கிட்டுப் போறா பாரு" என்றாள் இன்னொருத்தி.

அந்த மாதம் முழுக்க வளவில் ஒருவரும் பேச்சியம்மாளோடு பேசவில்லை. மத்தியானங்களில் பழக்கதோஷத்தில் சந்தில் வந்து உட்காருவார்கள், உட்கார்ந்து வேர்ப்பார்கள், வேர்க்க வேர்க்க அவளைப் பெயர் சொல்லாமல் வைவார்கள். பலவேசம் அண்ணாச்சி கடையில் எப்போதும்போல வியாபாரம் நடந்தது. அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே சுடலைமுத்துவின் முதுகுக்கு மட்டும் ஃபேன் ஓடியது, கரண்ட் இருக்கும்வரை.

மாடியில் இசக்கிராஜ் எடுத்த வீடியோவை வாங்கிப் பேச்சியம்மாள் கம்பெனிக்கு அனுப்பினாள். பார்சல்காரன் எடுக்கவில்லை, நான் சொன்னது தப்பு என்று எழுதினாள். பதில் வரவில்லை. மறுபடி எழுதினாள். கூப்பிட்டாள், பாட்டைக் கேட்டாள், ஒவ்வொரு முறையும் புதிதாக வந்த ஒவ்வொரு பெண்ணிடமும் முதலிலிருந்து சொன்னாள். அவர்கள், உங்கள் புகார் ஏற்கெனவே முடிந்துவிட்டதே மேடம் என்றார்கள். "என் புகாரு முடிஞ்சிருச்சு, அவன் புகாரு முடியலம்மா" என்றாள். கடைசியில் இரண்டு பஸ் மாறித் திருநெல்வேலிக்குப் போய், அவர்கள் கிளை ஆபீஸ் கவுண்டரில் நின்று, உள்ளே விடமாட்டேன் என்றவனைத் தள்ளிக்கொண்டு போய், மேனேஜர் மேஜைமேல் போனை வைத்து, சொர்ணம் கத்துவதை அந்த ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி போட்டாள். அவர் பார்த்துவிட்டு, சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். அவள் குறைக்கவில்லை.

வீடு கிடைத்தது ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கம், தகரக் கூரை. சாமான் ஏற்ற லோடு ஆட்டோ வந்து நின்றபோது கட்டிலின் மறுமுனையைப் பிடிக்க வளவிலிருந்து ஒருவரும் வரவில்லை. கதவிடுக்குகளில் கண்கள் இருந்தன. பேச்சியம்மாள் ஆட்டோக்காரனிடம் கெஞ்சிக்கொண்டிருக்கையில் இசக்கிராஜ் பைக்கை நிறுத்திவிட்டு வந்தான். பைக்கின் பின்னால் பெரிய பை கட்டியிருந்தது.

"ஐடி வந்திருச்சா?" என்று கேட்டாள்.

"வந்திருச்சு." கட்டில் காலைப் பிடித்தான். "ஒங்களுக்காக வரல. அண்ணனத் தூக்க ஆளில்லன்னு கேள்விப்பட்டேன்."

அவரைக் கட்டிலோடு தூக்கிப் புது வீட்டில் இறக்கினார்கள். அவள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவன் வாசலுக்கு வெளியே நின்று குடித்தான்.

"எம்மேல கோவம் போகலையா?"

"போகல" என்றான்.

"போகாண்டாம்" என்றாள். "நீ அடி வாங்குனப்ப நான் வாயத் தொறந்திருக்கணும்."

அவன் சொம்பைக் கொடுத்துவிட்டு, பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான். இன்னும் நிறைய பார்சல் இருந்தது.

பேச்சியம்மாள் ஃபேனைக் கட்டிலின் அருகில் வைத்து பிளக்கைச் சொருகினாள். தூக்கி இறக்கியதில் கூடு எங்கோ நெளிந்திருக்க வேண்டும், றெக்கை சுற்றச் சுற்றக் கடகடவென்று சத்தம். தகரக் கூரையின் வெக்கையை அது அள்ளி அள்ளிக் கீழே போட்டது.

"அந்தக் காத்து மாதிரி இல்ல" என்றார் சுடலைமுத்து.

"இல்லதான்."

"சத்தம் போடுது."

"போடட்டும்."

அவர் சட்டையை முதுகுக்கு மேலே ஏற்றிவிட்டாள். அந்தக் காற்று அவர் முதுகைத் தாண்டித் தரையிலும் கொஞ்சம் விழுந்தது. பிரிக்காத மூட்டைகளுக்கு நடுவில் கையைத் தலைக்கு வைத்து அங்கேயே சாய்ந்தாள். சுடலைமுத்து வேறு ஏதோ சொன்னார், பதில் வரவில்லை. தலையைத் திருப்பிப் பார்த்தார். பட்டப்பகலில், வாயைத் திறந்து, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.